கிளாரினெட்டம்மாவின் முன்பல்

அத்தியாயம் 9

கிளாரினெட்டம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்பது தெருவுக்கே தெரியும். அன்று காலை மட்டும் அது மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்குள் வீங்கி நின்றது.

நகர வாத்தியக் குழுவின் கிளாரினெட் வரிசையில் முதல் நாற்காலி அவளுடையது. கிளாரினெட் வாசிப்பவர்களுக்கு மேல் முன்பல்தான் தூண். வாத்தியத்தின் முழுச் சாய்மானமும் அதன் மேல்தான். போன வாரம் ஒத்திகையில் ஒரு நீண்ட சுரத்தின் நடுவே அந்தத் தூணுக்குள் 'டிக்'கென்று ஒரு சத்தம். பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கூடத் தெரியாமல் வாசித்து முடித்தாள். வீட்டுக்கு வந்தும் மூச்சு விடவில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருப்பவள் பல்டாக்டராக இருந்தால் எத்தனை நாள் மறைக்க முடியும்?

"அத்தை, ஏன் ஒரு பக்கமாவே மெல்றீங்க?" என்று மருமகள் கேட்டாள். அவ்வளவுதான். மறுநாள் எக்ஸ்ரே. எப்போதோ வேர் சிகிச்சை செய்த பல். வேர் நெடுக விரிசல். பல்லைக் காப்பாற்ற வழியில்லை. எடுத்தாக வேண்டும்.

அங்கேதான் வீட்டில் ரகளை ஆரம்பித்தது. மருமகள், தன்னுடைய சீனியர் ஒருவரிடம் அத்தையை அனுப்பப் பார்த்தாள். சொந்த மாமியார் வாயில் கத்தி வைக்க அவளுக்குத் தயக்கம். கிளாரினெட்டம்மா ஒற்றைக் காலில் நின்றாள்: "உன் கையால எடுத்தா எடு. இல்லேன்னா அது பாட்டுக்கு வாயிலயே கிடக்கட்டும்." கப்பலில் எஞ்சினியராக இருக்கும் மகன் நடுக்கடலிலிருந்து, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க, என்னை விட்ருங்க" என்று கழன்றுகொண்டான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மகள்தான் போனில் கத்தித் தீர்த்தாள். "பெரிய ஆஸ்பத்திரி எதுக்கு இருக்கு? அண்ணி ஏன் செய்யணும்?"

அந்த மகள்தான் இன்று விடிந்ததும் விடியாததுமாக, கையில் ஹெல்மெட்டோடும் கண்ணில் இரவு வேலைத் தூக்கத்தோடும் வாசலில் வந்து நின்றாள்.

"நானும் வரேன்" என்றாள், செருப்பைக் கழற்றாமலே.

"வேடிக்கை பார்க்கவா?" என்றாள் கிளாரினெட்டம்மா.

"காவலுக்கு."

மருமகள் சாவிக்கொத்தை எடுத்தபடி நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். "வா. ஆனா உள்ள வந்தா மாஸ்க் போட்டுக்கணும். பேசக் கூடாது."

"எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகலேன்னா நான் ஏன் பேசப் போறேன்?"

காரில் மருமகள் சாலையையும் மற்ற இருவரும் ஆளுக்கொரு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

செருப்புக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே இருந்த மருமகளின் கிளினிக்குக்குக் கிளாரினெட்டம்மா இதுவரை திறப்பு விழாவுக்கும் எக்ஸ்ரேவுக்கும்தான் வந்திருந்தாள். நோயாளியாக அந்த நாற்காலியில் சாய்வது இதுதான் முதல் தடவை. தலைக்கு மேல் விளக்கு. இடது பக்கம் வாய் கொப்பளிக்கும் சின்னத் தொட்டி. ஓசைப்படாமல் நடமாடும் நர்ஸ். வீட்டில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடி அலையும் மருமகளா இவள்? இங்கே கையை நீட்டிய இடத்தில் நீட்டிய பொருள் இருந்தது. கிளாரினெட்டம்மா மனதுக்குள் தலையாட்டிக்கொண்டாள். மேடையில் ஏறியதும் ஆளே மாறுகிற வாத்தியக்காரர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

மருமகள் ஒரு தட்டில் மூன்று சின்னக் குப்பிகளைக் கொண்டுவந்து காட்டினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று, பொடித்த கல்லுப்பு மாதிரி.

"பல் போனதும் தாடை எலும்புக்கு வேலை போயிடும் அத்தை. வேலை இல்லாத எலும்பு கரைஞ்சு உள்வாங்கிடும். முன்பக்கம் எலும்பு ரொம்ப மெல்லிசு, அதனால அங்கதான் சீக்கிரம் குழி விழும். அதுக்காகத்தான் பல்லை எடுத்த கையோட இதை உள்ள நிரப்பறோம். எலும்புக்குப் பதிலா வைக்கிற பொருள்."

மூலையில் ஸ்டூலில் இருந்த மகள் பேசக் கூடாது என்பதை அப்போதே மறந்தாள். "யாரோட எலும்பு அது?"

"கேக்க வேண்டிய கேள்விதான்" என்றாள் மருமகள். "இது மாட்டு எலும்புலேர்ந்து எடுத்தது. உயிர்ப்பொருள் எல்லாத்தையும் நீக்கிட்டு வெறும் தாதுவா ஆக்கினது. இது, இறந்த பிறகு தானமா கொடுத்த மனுஷங்களோடது. மூணாவது, முழுக்க லேப்ல செஞ்சது. முன்பல் இடத்துக்கு நான் வழக்கமா முதல் குப்பியைத்தான் எடுப்பேன். மெதுவாக் கரையும், வடிவத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ஆனா உங்க மனசுக்கு ஒப்பலேன்னா லேப்ல செஞ்சதை வைக்கலாம். அதுவும் வேலை செய்யும்."

கிளாரினெட்டம்மா முதல் குப்பியை விளக்கில் தூக்கிப் பார்த்தாள். "மாட்டோடதா? அப்ப நான் வாசிக்கும்போது நடுவுல 'அம்மா'ன்னு கத்துமா?"

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"கத்தாது அத்தை."

"கத்தினாலும் பரவாயில்லை. சுருதியோட கத்தட்டும். இதையே வை."

"உள்ள போனதும் அதுவே எலும்பாயிடுமா அண்ணி?" மகளின் குரலில் சண்டை கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இல்லை. கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவாங்க இல்லையா, அது மாதிரி. அத்தையோட சொந்த எலும்பு இதைப் பிடிச்சுக்கிட்டு வளரும். கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், முழுசா நிறுத்த முடியாது. ஆனா வெறுமனே விட்டா விழற பள்ளம் விழாது. நாளைக்கு அங்க ஒரு இம்ப்ளான்ட், அதான் எலும்புல பதிக்கிற செயற்கைப் பல், ஊன்ற இடம் இருக்கும்."

"ஆண்டுக் கச்சேரி?" என்று கிளாரினெட்டம்மா கேட்டாள். அடுத்த மாதக் கடைசியில் கச்சேரி. அதற்காகவே பேண்ட் மாஸ்டர் ஒரு தனி வாசிப்பை எழுதியிருந்தார். அவளுடைய ஒலியை மனதில் வைத்து எழுதியதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். சுவரொட்டியில் அவள் பெயர்கூட ஏறிவிட்டது.

"பல் இருந்த குழியோட எலும்புச் சுவர் நாலும் முழுசா இருந்தா, சீக்கிரம் ஆறிடும். ஜாக்கிரதையா ஒரு தற்காலிகப் பல்லை ஒட்டி, மெதுவா வாசிக்க விடலாம்னு பார்க்கிறேன்" என்றாள் மருமகள். "எடுத்துப் பார்த்தாதான் நிச்சயமாத் தெரியும்."

ஊசி போட்டதும் மேலுதடு அவளுடையதாக இல்லாமல் போயிற்று.

கிளாரினெட்டம்மா எதிர்பார்த்தது ஒரு இழுவை, ஒரு மடக். அவளுக்குத் தெரிந்த பல் பிடுங்கல் அப்படித்தான். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. மருமகள் தாளைப் போல மெல்லிய ஒரு கருவியைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே விட்டு, சுற்றிலும் மெல்ல மெல்ல விடுவித்துக்கொண்டே வந்தாள். அவசரமே இல்லை. ஒரு பக்கமும் நெம்பவில்லை. கிளாரினெட்டம்மா அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடினமான பகுதியில் நல்ல வாத்தியக்காரர்களின் மூச்சு நீளும், நடுங்குகிறவர்களுக்குத் துண்டுபடும். இவளுடையது நீண்டு, அடங்கி, ஒரே சீராக வந்தது.

தட்டில் 'டங்'கென்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

மருமகள் ஏதோ ஒரு மெல்லிய கம்பியால் குழிக்குள் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவிப் பார்த்தாள். நாற்காலி மெல்ல நிமிர்ந்தது.

"அத்தை, கொஞ்சம் உட்காருங்க."

"முழிஞ்சுதா?" என்றாள் கிளாரினெட்டம்மா. 'முடிஞ்சுதா' என்றுதான் கேட்டாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

"பல் வந்தாச்சு, ரெண்டு துண்டா. ஆனா ஒண்ணு சொல்லணும். சொல்லாம மேல போக மாட்டேன்." மருமகள் மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். "இந்தக் குழியை ஒரு கிண்ணம்னு வச்சுக்கோங்க. பின்பக்கம், ரெண்டு பக்கவாட்டும் நல்லா இருக்கு. முன்சுவர்ல பாதி இல்லை. விரிசல் வழியா கிருமி போய் எப்பவோ அரிச்சிடுச்சு. எக்ஸ்ரேல இந்த அளவுக்குத் தெரியலை."

மகள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"ரெண்டு வழி இருக்கு" என்று மருமகள் தொடர்ந்தாள். "இப்படியே ஆற விடறது ஒண்ணு. கச்சேரிக்குள்ள ஒரு பல்லை ஒட்டித் தரேன், நீங்க வாசிச்சுடலாம். ஆனா எலும்பு நல்லா உள்ள போயிடும். உதடு அங்க சாயும். அப்புறம் இம்ப்ளான்ட் வைக்கணும்னா வேற எங்கேர்ந்தாவது எலும்பு எடுத்துப் பெரிய ஆபரேஷன்தான். அதுவும் எப்படி அமையும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

"ரெண்டாவது?"

"முன்சுவர் இருந்த இடத்துல ஜவ்வு மாதிரி ஒரு தாளை நிறுத்தி, பின்னால நிரப்பி, மூடித் தையல் போடறது. சுவர் திரும்பக் கட்டிக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா அது அசையவே கூடாது அத்தை. கச்சேரி முடிஞ்சு கொஞ்ச நாள் வரைக்கும் கிளாரினெட்டை வாய்ல வைக்க முடியாது."

கிளாரினெட்டம்மாவின் கண் முன்னால் அந்தத் தனி வாசிப்பின் முதல் வரி வந்து நின்றது. தாளமே இல்லாமல், ஒற்றை ஆளாக, இருட்டு அரங்கத்தில் அவள் மட்டும் தொடங்க வேண்டிய வரி. இத்தனை வருஷம் குழுவோடு கலந்தே வாசித்தவளுக்கு முதல் முறையாகக் கிடைத்த தனி இடம். கண்ணில் நீர் முட்டிற்று. மருந்தின் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"நீ என்ன சொழ்ழே?"

"டாக்டராச் சொன்னா, நிரப்பிடுங்கன்னு சொல்வேன். வீட்டு ஆளாச் சொன்னா... முன்வரிசை டிக்கெட் வாங்கி வச்சிருக்கேன் அத்தை. எனக்கு உங்க வாசிப்பைக் கேக்கணும். அதனால என்னைக் கேக்காதீங்க. எதுவா இருந்தாலும் நல்லபடியாச் செஞ்சு தரேன்."

மகளின் மாஸ்க் அசைந்தது. ஏதாவது சொல்லுவாள், 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஆரம்பிப்பாள் என்று கிளாரினெட்டம்மா காத்திருந்தாள். மகள் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றி விட்டுக்கொண்டாள்.

இவள் நினைத்திருந்தால் சும்மா நிரப்பிவிட்டு, 'கச்சேரிக்கு முடியாது அத்தை' என்று பிறகு சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அதைச் செய்யாமல், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி, நோயாளியைச் சமமாக உட்காரவைத்துக் கேட்கிறாள். கிளாரினெட்டம்மாவின் நெஞ்சு நிமிர்ந்தது. இப்படிப்பட்ட ஒருத்தி தன் வீட்டில், தன் பக்கத்து அறையில், தினமும் கண்ணாடியைத் தொலைத்துக்கொண்டு இருக்கிறாள்.

ஒரு கச்சேரி போனால் போகிறது. உதட்டோரம் காற்று ஒழுக ஒழுக வாசிக்கும் கச்சேரிகள் எத்தனை இருந்து என்ன பயன்? அவளுக்கு இன்னும் நிறைய வாசிக்க வேண்டியிருந்தது.

"நிழப்பு" என்றாள்.

"அத்தை, நல்லா யோசிச்சு..."

"நிழப்புடீ!"

நர்ஸ் விளக்கைச் சரிசெய்தாள். நாற்காலி மறுபடி சாய்ந்தது.

மருமகள் முதலில் அந்தத் தாளை வெட்டினாள். வைத்துப் பார்த்தாள், எடுத்து இன்னொரு மயிரிழை வெட்டினாள். அது உட்கார்ந்ததும், கிளாரினெட்டம்மாவின் சொந்த ரத்தத்தில் நனைத்த அந்த வெள்ளைத் துகள்களைச் சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்தாள்.

"ஏன் அழுத்த மாட்டேங்கறீங்க அண்ணி?" மகள் தாழ்ந்த குரலில் கேட்டாள். எப்போது அவ்வளவு கிட்டே வந்தாள் என்று தெரியவில்லை. நர்ஸின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறுக்கித் திணிச்சா உள்ள ரத்தம் ஓட இடம் இருக்காது. ரத்தம் போனாதான் எலும்பு வளரும்."

தாளின் மறுமுனையை மேலே மடித்து மூடி, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டாள். கடைசி நூலை வெட்டியபோதுதான் மருமகளின் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்ததைக் கிளாரினெட்டம்மா கவனித்தாள்.

"பஞ்சைக் கடிச்சுக்கோங்க. பேசாதீங்க, துப்பாதீங்க. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. வாயைக் குவிச்சு எதையும் ஊதக் கூடாது, சூடான காபியைக்கூட. ஆற வச்சுத்தான் குடிக்கணும். தற்காலிகப் பல்லு வீக்கம் வடிஞ்சப்புறம் தரேன், இன்னிக்கு அந்த இடம் வெறுமையாவே இருக்கட்டும்."

கிளாரினெட்டம்மா பஞ்சைக் கடித்தபடி தலையாட்டினாள். பேசக் கூடாது என்று அவளிடம் சொல்லி, அவளும் கேட்டது அநேகமாக இதுதான் முதல் முறை.

மகள் மாஸ்க்கைக் கழற்றினாள். தட்டில் கிடந்த பல் துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, சுவர்ல படாமத் தூக்கினீங்க."

மருமகள் கையுறையை உரித்தபடி திரும்பினாள். "படலேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கப்பலோட வயித்துக்குள்ளேர்ந்து கன்டெய்னர் தூக்கும்போது ரெண்டு பக்கமும் இம்மிதான் இடைவெளி இருக்கும். எங்கேயாவது உரசினா, கேபின்ல இருக்கறவன் தோள் தன்னால குலுங்கும். யாராலும் அதை மறைக்க முடியாது. நான் உங்க தோளைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அசையவே இல்லை."

மருமகள் குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"நான் போன்ல கத்தினது," மகள் தரையைப் பார்த்துச் சொன்னாள், "உங்களுக்கு வேலை தெரியாதுன்னு இல்லை. ஏதாவது தப்பா ஆயிட்டா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல ஒருத்தர் முகத்துல ஒருத்தர் எப்படி முழிப்பீங்க? அண்ணனும் இங்க இல்லை. அதை நினைச்சுத்தான் பயந்தேன்."

"எனக்கும் அதே பயம்தான்" என்றாள் மருமகள், குழாயை மூடிவிட்டு. "நேத்து முழுக்க சரியாச் சாப்பிடலை."

"இன்னிக்கு?"

"இன்னும் இல்லை."

"வாங்க. முதல்ல ஏதாவது வாங்கித் தரேன். சாவியைக் குடுங்க, பட்டினியோட நீங்க கார் ஓட்ட வேண்டாம்."

நாத்தனார் அண்ணியின் கையிலிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாள். பஞ்சைக் கடித்தபடி கிளாரினெட்டம்மா அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுவதற்கு அவளிடம் ஒரு மூட்டை வார்த்தை இருந்தது. ஒன்றைக்கூட அவிழ்க்க முடியவில்லை. நல்லதாகப் போயிற்று, பேசியிருந்தால் கெடுத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் ஐஸ் ஒத்தடத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, பேண்ட் மாஸ்டருக்குத் தன் கையாலேயே ஒரு செய்தி அனுப்பினாள். மகளும் மருமகளும் இரண்டு பக்கமும் நின்று படித்தார்கள்.

'இந்தக் கச்சேரியில் நான் வாசிக்க முடியாது. தனி வாசிப்பைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுங்கள். அவரால் முடியும். தினமும் காது பக்கத்தில் கேட்கிற எனக்குத் தெரியும்.'

"அவரை உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காதே அத்தை?" என்றாள் மருமகள்.

கிளாரினெட்டம்மா மறுபடி தட்டினாள்: 'ஆளைத்தான் பிடிக்காது.'

பதில் வரவில்லை. மதியமும் வரவில்லை. கிளாரினெட்டம்மா தூங்கி எழுந்து, போனைப் பார்த்து, மறுபடியும் கண்ணை மூடினாள். வெயில் தாழ்ந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது.

மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "பேண்ட் மாஸ்டர்மா! கூட ஒருத்தர். கையில கிளாரினெட் பெட்டி."

"அத்தை, நீங்க படுத்துக்கோங்க. வீங்கியிருக்கு. நான் பேசி அனுப்பறேன்" என்றாள் மருமகள்.

பல் விளக்காமல் யார் கண்ணிலும் பட மாட்டாள் என்று பெயர் எடுத்தவள் கிளாரினெட்டம்மா. அவள் எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். தானே போய்க் கதவைத் திறந்தாள்.

பேண்ட் மாஸ்டர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இவர் மாட்டேங்கறார்மா! அது உங்க இடமாம், உக்கார மாட்டாராம். நீங்களே கேளுங்க, என்னால ஆகலை." பின்னால் பக்கத்து நாற்காலிக்காரர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றார். பேண்ட் மாஸ்டருக்கு அப்போதுதான் அவள் முகம் கண்ணில் பட்டது. "ஐயோ, என்னம்மா இப்படி வீங்கியிருக்கு? எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

கிளாரினெட்டம்மா வாய் நிறையச் சிரித்தாள். முன்னால் ஒரு பல் இல்லாத, வீங்கிய, கோணலான சிரிப்பு. ஒரு கை பின்னால் போய் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து முன்னுக்கு இழுத்தது.

"என் மருமகள்" என்றாள்.

உதடு இப்போது சரியாக ஒத்துழைத்தது. பிறகு பக்கத்து நாற்காலிக்காரரின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"ஊதக் கூடாதுன்னுதான் டாக்டர் சொல்லியிருக்காங்க. கேக்கக் கூடாதுன்னு சொல்லலை. உள்ள வந்து வாசிச்சுக் காட்டுங்க."

பக்கத்து நாற்காலிக்காரர் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை.